நாளைய பந்தயங்களை இன்றிரவு படிப்பது எப்படி?

பந்தய நாளுக்கு முந்தைய இரவு மேசையில் நாளைய பந்தயங்களின் விவரம் அச்சான ஒரு ரேஸ் புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பென்சில், யாரும் குறுக்கிடாத இரண்டு மணி நேரம். குதிரைப் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு இவை போதும். "லாயத்திலிருந்தே வந்த செய்தி" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மைதானத்து வாசலில் பக்கத்தில் வந்து எண் சொல்லும் ஆளும் வேண்டாம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தாங்களே படித்துத் தோற்றவர்கள் அல்லர். பிறர் சொன்ன எண்ணை நம்பித் தோற்றவர்கள்.

படித்தால் மட்டும் ஜெயித்துவிடலாமா என்று கேட்பீர்கள். எல்லா நாளும் முடியாது. ஆனால் படிப்பதற்கு இதில் விஷயம் இருக்கிறது என்பதை இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருதித் தடை செய்யச் சட்டம் வந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. குதிரையின் வம்சம், அதற்குத் தரப்பட்ட பயிற்சி, ஜாக்கியின் கைத்திறன், தூரம், சுமக்கும் எடை: பந்தயத்தை முடிவு செய்பவை இவை என்பதுதான் அந்த முடிவின் அடிப்படை. நாம் இன்றிரவு புரட்டப் போவதும் இவற்றைத்தான்.

நான் இங்கே சொல்வது இந்திய மைதானங்களுக்குப் பொருந்தும். மும்பை மகாலட்சுமியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, புனேயில் மழைக்காலத்தில், பெங்களூரில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனிப் பருவம் என்று ஊருக்கு ஊர் காலம் மாறும். கிண்டி, ஊட்டி பந்தய மைதானங்களின் நிலங்களைத் தமிழ்நாடு அரசு 2024-ல் திரும்ப எடுக்கத் தொடங்கியதிலிருந்து விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அதனால் எந்த ஊரில் எந்த நாள் பந்தயம் என்பதை முதலில் அந்தந்த ஊர்ப் பந்தயச் சங்கத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பந்தயம், அப்புறம் குதிரை

புதியவர் செய்யும் முதல் தவறு, புத்தகத்தைத் திறந்ததும் குதிரைகளின் பெயர்களுக்குப் போவது. பெயர்களைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். பந்தயத் தலைப்பின் கீழே இரண்டு மூன்று வரி பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். எத்தனை மீட்டர், எந்த வயதுக் குதிரைகள், எந்த ரேட்டிங் உள்ளவை, எடை எப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பந்தயங்களில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று ஹேண்டிகேப். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமைக்கு ஏற்ப ஒரு ரேட்டிங் எண் தருவார்கள். அதிக எண் உள்ள குதிரை அதிக எடை சுமக்கும். ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ என்பது கணக்கு. '20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ள குதிரைகளுக்கு' என்று போட்டிருந்தால், மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் பன்னிரண்டரைக் கிலோ வரை வித்தியாசம் வரலாம். எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும் முயற்சி இது.

இன்னொரு வகையில் வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்து எடை நிர்ணயிப்பார்கள். பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை மகாலட்சுமியில் 2400 மீட்டருக்கு நடக்கும் இந்தியன் டெர்பி இந்த வகை. நான்கு வயதுக் குதிரைகள் மட்டும். ஆண் குதிரைக்கு 57 கிலோ, பெண் குதிரைக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. இங்கே யார் உண்மையிலேயே உயர்ந்த குதிரையோ அது எடைச் சுமையால் இழுத்துப் பிடிக்கப்படுவதில்லை. அதனால் நல்ல குதிரை ஜெயிக்கும் வாய்ப்பு ஹேண்டிகேப்பைவிட இதில் கூடுதல். புதிதாகப் பழகுகிறவர்கள் இத்தகைய பந்தயங்களில் தொடங்கினால் கண் சீக்கிரம் பழகும்.

இதுவரை ஓடாத இரண்டு வயதுக் குட்டிகள் மட்டும் கலந்துகொள்ளும் பந்தயமா? பார்த்து ரசியுங்கள், தேர்ந்தெடுக்க வேண்டாம். படிக்க அங்கே பழைய ஓட்டம் எதுவும் இல்லை. ஒரு நாளில் எட்டுப் பந்தயம் இருந்தால் நான் மூன்றைத்தான் உட்கார்ந்து படிப்பேன். மற்றவற்றில் கை வைப்பதில்லை என்று முந்தைய இரவே முடிவு செய்துவிடுவேன்.

பழைய ஓட்டங்களைப் படிப்பது

ஒவ்வொரு குதிரையின் பெயருக்குப் பக்கத்திலும் அது கடைசியாக ஓடிய பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது என்ற எண் வரிசை இருக்கும். வரிசையின் எந்த முனை மிகச் சமீபத்திய ஓட்டம் என்பதைப் புத்தகத்தின் குறிப்புப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் படித்துவிட்டு, மங்கிப்போன குதிரையை மேலேறி வரும் குதிரை என்று எண்ணுவது எளிது.

ஆனால் அந்த எண் பாதிக் கதைதான். ஏழாவது வந்த குதிரை வென்ற குதிரைக்கு மூன்று லெங்த் மட்டுமே பின்னால் இருந்திருக்கலாம். லெங்த் என்றால் ஒரு குதிரையின் உடல் நீளம், ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ஓட்டத்தில் அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மூன்றாவது வந்த இன்னொரு குதிரை பன்னிரண்டு லெங்த் பின்தங்கியிருக்கலாம். எனவே இடத்தைவிட இடைவெளியைப் பாருங்கள். கூடவே மூன்று கேள்விகள்: அன்று எந்த ரேட்டிங் பந்தயத்தில் ஓடியது? எத்தனை மீட்டர்? எத்தனை கிலோ சுமந்தது?

40 முதல் 65 ரேட்டிங் பந்தயத்தில் ஆறாவது, ஏழாவது என்று வந்துகொண்டிருந்த குதிரை 20 முதல் 45 பந்தயத்துக்கு இறங்கினால், அதன் பக்கத்தில் இருக்கும் அழகில்லாத எண்களைக் கண்டு ஒதுக்காதீர்கள். அது பெரிய பையன்களோடு ஓடித் தோற்றது. இன்று தன் வயதொத்தவர்களிடம் வந்திருக்கிறது.

முடிந்தால் பழைய பந்தயங்களின் வீடியோவைப் பாருங்கள். சங்கங்கள் தங்கள் இணையதளங்களில் ஏற்றிவைக்கின்றன. வென்ற குதிரையைப் பார்ப்பதில் பயன் குறைவு. எல்லோரும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். நான்காவதாக வந்த குதிரை வளைவில் வழி கிடைக்காமல் பின்வாங்கியதா, ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததா, நேர்ப்பாதையில் கடைசி இருநூறு மீட்டரில்தான் இடைவெளி கிடைத்ததா என்று பாருங்கள். புத்தகத்தில் '4' என்று மட்டும் இருக்கும் ஓட்டத்துக்குள் வெற்றியே ஒளிந்திருக்கும் நாட்கள் உண்டு.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 1200 மீட்டரை ஒரு நிமிடம் பத்துப் பன்னிரண்டு விநாடியில் ஓடும் குதிரைகளை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆனால் போன மாதத்து நேரத்தையும் இந்த மாதத்து நேரத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மழை, புல்லின் ஈரம், உள்வேலி நகர்த்தப்பட்ட தூரம் எல்லாம் நேரத்தை மாற்றும். ஒரே நாளில் ஒரே தூரத்துக்கு நடந்த இரண்டு பந்தயங்களின் நேரங்களை ஒப்பிடுங்கள். அப்போதும், முன்னால் ஓடியவை மெதுவாக இழுத்துச் சென்ற பந்தயமா என்பதைப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கிலோவை லெங்த்தாக மாற்றுவது

இந்த ஒரு கணக்கைக் கைவசப்படுத்திவிட்டால் மைதானத்தில் பாதிப் பேரைவிட நீங்கள் முன்னால் நிற்பீர்கள். 1400, 1600 மீட்டர் பந்தயங்களில் ஏறத்தாழ ஒரு கிலோ ஒரு லெங்த்துக்குச் சமம். 1000, 1200 மீட்டரில் ஒரு லெங்த்துக்கு ஒன்றேகால் கிலோ வரை தேவைப்படும். 2400 மீட்டரில் அரைக் கிலோவுக்குச் சற்று மேலே போதும். நீண்ட தூரத்தில் சுமை அதிக நேரம் முதுகில் இருக்கிறதல்லவா?

விளக்கத்துக்காக நானே ஒரு பந்தயத்தை அமைத்துக் காட்டுகிறேன். 1400 மீட்டர், 20 முதல் 45 ரேட்டிங், எட்டுக் குதிரைகள். பெயர் வேண்டாம், எண் போதும்.

1-ஆம் எண்: ரேட்டிங் 44, 60 கிலோ. மேல் தரத்திலிருந்து இறங்கி வருகிறது. முன்பு இதே தரத்தில் 1400 மீட்டரில் வென்றது. பின்னாலிருந்து வந்து பிடிக்கும் குதிரை.
2: ரேட்டிங் 42, 59 கிலோ. போன ஓட்டத்தில் 1400 மீட்டரில் முன்னாலேயே ஓடி வென்றது.
3: ரேட்டிங் 40, 58 கிலோ. 1000, 1200 மீட்டர்களில் முன்னால் பாயும் குதிரை. 1400 இதுவே முதல் முறை.
4: ரேட்டிங் 38, 57 கிலோ. ஏழு மாதம் ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டம். 1-ஆம் எண்ணின் அதே பயிற்சியாளர்.
5: ரேட்டிங் 34, 55 கிலோ. போன ஓட்டத்தில் 2-ஆம் எண்ணிடம் இரண்டு லெங்த்தில் தோற்று இரண்டாவதாக வந்தது.
6: ரேட்டிங் 30, 53 கிலோ. இருபது ஓட்டத்தில் ஒரே வெற்றி. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது.
7: ரேட்டிங் 28, 52 கிலோ. 1800 மீட்டருக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.
8: ரேட்டிங் 24, 50 கிலோ. இதுவரை எந்த இடமும் பிடித்ததில்லை.

2, 5 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போன முறை 2-க்கு ரேட்டிங் 37, 5-க்கு 34. அன்று 2 சுமந்தது 56, 5 சுமந்தது 54.5. அதாவது ஒன்றரைக் கிலோ வித்தியாசம். 2 வென்றதால் ரேட்டிங் ஐந்து புள்ளி ஏறிவிட்டது, 5-க்கு மாற்றமில்லை. இன்று 59-க்கும் 55-க்கும் இடையே நான்கு கிலோ. ஆக, 5-க்குச் சாதகமாக இரண்டரைக் கிலோ நகர்ந்திருக்கிறது. 1400 மீட்டரில் அது இரண்டரை லெங்த். இரண்டு லெங்த்தில் தோற்றது, இன்று தாளின்படி அரை லெங்த்தில் முந்த வேண்டும்.

இதைத் தெரியாத ஒருவர் "போன தடவை ஜெயித்தது 2, தோற்றது 5, அதனால் 2" என்று முடித்துவிடுவார். பெரும்பாலான பணம் அங்கேதான் போகும். அனுபவம் குறைந்த ஜாக்கி ஏறினால் எடையில் சில கிலோ கழிவு கிடைக்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கழிவு சும்மா வருவதல்ல. நேர்ப்பாதையில் நெருக்கடி வரும்போது அனுபவமின்மைக்கும் ஒரு விலை இருக்கிறது.

யார் முன்னால் ஓடுவார்?

எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். குதிரைகள் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓடுவதில்லை, ஒன்றோடொன்று ஓடுகின்றன. அதனால் தாளில் ஒரு கோடு போட்டு, கேட் திறந்ததும் எது முன்னால் போகும், எது நடுவில் ஒட்டிக்கொள்ளும், எது கடைசியில் பதுங்கும் என்று எண்களை எழுதிப் பாருங்கள். பழைய ஓட்டங்களின் விவரத்தில் இது தெரியும்.

முன்னால் ஓட விரும்பும் குதிரை ஒன்றே ஒன்று இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். தன் விருப்பப்படி வேகத்தைக் குறைத்து மூச்சு சேர்த்துக்கொண்டு, நேர்ப்பாதையில் மீண்டும் பாயும். பின்னாலிருப்பவை என்னதான் வேகமானவையாக இருந்தாலும் பிடிக்க முடியாது. அதே இடத்தில் முன்னோடிகள் இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று விடாமல் துரத்தி, இரண்டும் கடைசி இருநூறு மீட்டரில் களைத்துப்போகும்.

நம் பந்தயத்தில் 2-ம் 3-ம் முன்னோடிகள். 3-ஆம் எண்ணுக்கு 1400 மீட்டர் தாங்காது என்று நினைக்கிறேன், அது வெல்லாது. ஆனால் அது வெல்லாவிட்டாலும் 2-ஐக் கெடுக்கும். தேர்ந்தெடுக்காத குதிரையையும் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான். 2 போன முறை தனியாக முன்னால் ஓடி வென்றது. இன்று அந்தச் சுகம் அதற்குக் கிடையாது. பலன் 1-க்கும் 5-க்கும்.

இங்கேயே டிரா எண்ணையும், அதாவது குதிரை எந்தக் கேட்டிலிருந்து கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். உள்பக்கக் கேட் கிடைத்த குதிரை வளைவில் குறைந்த தூரம் ஓடும். ஆனால் மெதுவாகக் கிளம்பும் குதிரைக்கு உள்பக்கம் சிறையாகிவிடும். முன்னாலும் பக்கத்திலும் மற்றவை சூழ்ந்துகொள்ளும். குறுகிய தூரத்தில், வளைவு சீக்கிரமே வரும் பந்தயத்தில், வெளிப்பக்கக் கேட் பெரிய இழப்பு. மைதானத்தின் நிலையைச் சொல்லும் பெனட்ரோமீட்டர் அளவையும், தற்காலிக வேலி எத்தனை மீட்டர் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்பதையும் சங்கங்கள் பந்தய நாளில் அறிவிக்கின்றன. மழை பெய்து தரை இளகியிருந்தால், இளகிய தரையில் முன்பு நன்றாக ஓடிய குதிரைக்கு ஒரு குறி போடுங்கள்.

ஜாக்கி, பயிற்சியாளர், காலை ஓட்டம்

சூரஜ் நரேடு போன்ற முன்னணி ஜாக்கி ஏறியிருக்கிறார் என்றாலே அந்தக் குதிரையின் விலை, அதாவது அது வென்றால் உங்களுக்குக் கிடைக்கும் தொகை, இறங்கிவிடும். அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திறமைக்கான விலையைக் கூட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. எனக்கு அதைவிட உதவும் தகவல் வேறு. ஒரே பயிற்சியாளரின் இரண்டு குதிரைகள் ஒரு பந்தயத்தில் இருந்தால், லாயத்தின் முதல் ஜாக்கி எதில் ஏறுகிறார்? தினமும் காலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர் அவர். நம் பந்தயத்தில் அவர் 4-ஐ விட்டுவிட்டு 1-ல் ஏறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 4 இன்னும் முழுத் தயார்நிலைக்கு வரவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

காலைப் பயிற்சி ஓட்டங்களின் நேரங்களும் அச்சில் வரும். 1000 மீட்டருக்கு இத்தனை, 600 மீட்டருக்கு இத்தனை என்று எண்கள், பக்கத்தில் 'எளிதாக ஓடியது', 'விரட்டப்பட்டது', 'சுதந்திரமாக நகர்ந்தது' என்ற பொருளில் ஒரு குறிப்பு. எண்ணைவிட அந்தக் குறிப்பை நம்புங்கள். விரட்டப்பட்டுப் பெற்ற 38 விநாடியைவிட, ஜாக்கி அசையாமல் உட்கார்ந்திருக்கப் பெற்ற 40 விநாடி மேல். நீண்ட ஓய்வுக்குப் பின் வரும் குதிரைக்குத்தான் இந்தப் பகுதி அவசியம். பதினைந்து நாளுக்கு முன் நன்றாக ஓடிய குதிரைக்கு அந்த ஓட்டமே சான்று.

உபகரண மாற்றத்தையும் கவனியுங்கள். முதல் முறையாகக் கண்பட்டை போட்டிருக்கிறார்களா? 'கடிவாளம் கட்டிய குதிரை போல' என்று நேராக மட்டும் பார்ப்பவரைச் சொல்கிறோம். உண்மையில் கடிவாளம் வாயில் இருப்பது; பக்கப் பார்வையை மறைப்பது கண்பட்டைதான். கவனம் சிதறும் குதிரைக்கு அது முதல் முறை போடப்படும்போது சில சமயம் பெரிய முன்னேற்றம் தெரியும். அடுத்தடுத்த முறைகளில் அந்த விளைவு அவ்வளவாக இருப்பதில்லை.

அடித்துவிட்டு எஞ்சுவதைப் பார்ப்பது

இப்போது பென்சிலை எடுங்கள். வெல்லும் குதிரையைத் தேடாதீர்கள். வெல்ல முடியாதவற்றை அடியுங்கள். 8-க்குத் தகுதி காணோம். 7-க்குத் தூரம் போதாது. 3-க்குத் தூரம் அதிகம். 6 இருபது முறை ஓடி ஒருமுறைதான் வென்றது. வெல்லாமல் பின்னால் வந்தே பழகிய குதிரை. ஒவ்வொன்றையும் அடிக்கும்போது ஓரத்தில் காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுத முடியாவிட்டால் அடிக்கக் கூடாது. 1, 2, 4, 5 எஞ்சுகின்றன.

இனி நூறு மதிப்பெண்ணைப் பங்கிட்டுக் கொடுங்கள். நான் 5-க்கு 32, 1-க்கு 25, 2-க்கு 18, 4-க்கு 12, மற்ற நான்குக்கும் சேர்த்து 13 கொடுப்பேன். கூட்டினால் நூறு வர வேண்டும். நூறில் 32 வாய்ப்பு என்றால், பத்து ரூபாய்க்கு 31 ரூபாய் கிடைத்தால்தான் சரியான விலை. எந்தக் குதிரைக்கு என்ன விலை என்று மைதானத்தில் காட்டும் டோட் பலகையைப் பார்க்கும் முன்பே இதை எழுதிவிடுவது அவசியம். பலகையைப் பார்த்த பிறகு எழுதினால், கூட்டத்தின் கருத்தை உங்கள் கையெழுத்தில் எழுதுவீர்கள்.

நாளை பலகை 5-க்கு 22 ரூபாய் காட்டினால், குதிரை வெல்லும் என்று நம்பினாலும் விட்டுவிடுங்கள். 40 ரூபாய் காட்டினால் அது உங்கள் பந்தயம். ஃபேவரிட், அதாவது கூட்டம் அதிகப் பணம் வைத்த குதிரை, உலகின் பல மைதானங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தில் வெல்கிறது. அப்படியானால் மூன்றில் இரண்டில் தோற்கிறது. எந்த ஃபேவரிட்டை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பிரித்தறிவதுதான் இரவில் செய்த வேலையின் பலன்.

பணக் கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயப் பணத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகிவிட்டது. வென்ற தொகை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் அதிலிருந்து 30 சதவீத வருமான வரியும் பிடிப்பார்கள். இவ்வளவு கழிவுக்குப் பிறகு இதைப் பிழைப்பாக்குவது எப்பேர்ப்பட்ட படிப்பாளிக்கும் மிகக் கடினம். வீட்டுச் செலவுக்கான ஒரு ரூபாயும் இங்கே வரக் கூடாது. முதல் மூன்று மாதம் தாளில் மட்டும் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள், பணம் வைக்காதீர்கள் என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். குதிரைகளைப் பார்க்கும் இன்பத்துக்குப் பணம் தேவையில்லை. பழைய இழப்பைப் பிடிக்க அடுத்த பந்தயத்தில் இரட்டிப்பாக வைக்கத் தோன்றினால், அந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும்.

பேடக்கில் பதினைந்து நிமிடம்

தாளில் செய்ததைக் கண்ணால் சரிபார்க்கும் இடம் பேடக். பந்தயத்துக்குச் சற்று முன் குதிரைகளை அங்கே வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். கூட்டம் பெரும்பாலும் டோட் கவுண்டரில் நிற்கும். நீங்கள் வேலியோரம் வாருங்கள்.

நான் பழகிய காலத்தில் கிண்டியில் ஒரு பெரியவர் தினமும் ஒரே இடத்தில், நிழல் விழும் மூலையில் நிற்பார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். "தம்பி, முகத்தைப் பார்க்காதே, பின்தொடையைப் பார்" என்றார் முதல் நாள். அன்று நான் தேர்ந்தெடுத்திருந்தது ஒரு பழுப்பு நிறப் பெண் குதிரை. அழகென்றால் அழகு, கழுத்தை வளைத்துக் குதித்துக் குதித்து நடந்தது. "பாருங்கள் ஐயா, எவ்வளவு உற்சாகம்!" என்றேன். அவர் பேசாமல் விரலை நீட்டினார். பின்னங்கால்களின் நடுவே சோப்பு நுரை போல வெள்ளையாகத் திரண்டிருந்தது. கழுத்திலும் கடிவாளவார் உரசும் இடத்தில் வியர்வை வழிந்தது. "அது உற்சாகம் இல்லை தம்பி, பயம். ஓடவேண்டிய ஓட்டத்தை இங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது" என்றார். அவருக்குப் பிடித்த குதிரை தலையைத் தாழ்த்தி, பராமரிப்பவரின் கயிறு தளர்ந்து தொங்க, நீண்ட அடிகளாக எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தது. பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழுந்தது. மேல்தோல் மெருகிட்ட மரம் போல மின்னியது. விலா எலும்பு மெல்லத் தெரிந்தது, வயிறு தொங்கவில்லை.

அன்று முதல் நான் பார்ப்பது அவற்றைத்தான்: நடையின் நீளம், தோலின் மினுமினுப்பு, வியர்வை எங்கே இருக்கிறது, காதுகள் முன்னோக்கி இருக்கின்றனவா. சென்னை வெயிலில் எல்லாக் குதிரைக்கும் வியர்க்கும். மற்றவை உலர்ந்திருக்க ஒன்று மட்டும் நனைந்திருந்தால்தான் கவலை. சில குதிரைகள் எப்போதுமே வியர்த்தபடிதான் வென்றிருக்கும். அதனால் ஒரே குதிரையைப் பலமுறை பார்த்துக் குறித்து வைத்தவருக்கே இந்தப் படிப்பு முழுமையாகக் கைகூடும்.

நம் ஊர்களில் மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்த்து வாங்கும் வழக்கம் பழையது. பந்தயக் குதிரையின் அடையாளச் சான்றிலும் சுழிகள் இருக்கும் இடங்களைக் குறிக்கிறார்கள். அது ராசிக்காக அல்ல. ஒரு குதிரையின் இடத்தில் இன்னொன்று ஓடிவிடாமல் தடுப்பதற்காக.

நம் பந்தயத்தில் 4-ஐ இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். ஏழு மாத ஓய்வுக்குப் பின் வயிறு கனத்து, தோல் மங்கி வந்தால் அடித்துவிடலாம். மின்னிக்கொண்டு வந்தால் அதற்குக் கொடுத்த 12-ஐக் கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டியதை மற்றவற்றிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். கடைசி நேரத்தில் ஏதாவது குதிரை விலக்கப்பட்டால் மொத்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். 3 விலகிவிட்டால் 2 மீண்டும் தனி முன்னோடியாகிவிடும். இரவில் எழுதிய 18 அதற்குப் போதாது.

பந்தயம் முடிந்த பிறகு

வென்றாலும் தோற்றாலும் அன்றிரவே நோட்டைத் திறங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு: நான் எழுதிய காரணம் சரியாக இருந்ததா, நான் கணித்தபடி முன்னால் ஓட வேண்டியவை ஓடினவா, விலை என்ன. 5 தோற்று, ஆனால் 2-ம் 3-ம் எதிர்பார்த்தபடியே ஒன்றை ஒன்று துரத்திக் களைத்திருந்தால், உங்கள் படிப்பில் பிழையில்லை. 5 வென்று, ஆனால் எல்லாமே நீங்கள் எழுதியதற்கு மாறாக நடந்திருந்தால், அந்தப் பணத்தை வைத்து உங்களைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு வீடியோவை ஒருமுறை போட்டு, வென்ற குதிரையை விட்டுவிட்டுப் பின்னால் வருபவற்றைப் பாருங்கள். வளைவில் உள்வேலியோரம் அடைபட்டு, கடைசி நூறு மீட்டரில் இடைவெளி கிடைத்துப் பாய்ந்து ஐந்தாவதாக வந்த ஒரு குதிரை அநேகமாக இருக்கும். அதன் பெயரை, தேதியை, தூரத்தை, சுமந்த எடையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பெயர் ரேஸ் புத்தகத்தில் மறுபடி வரும்போது, பக்கத்தில் '5' என்று மட்டும் இருக்கும்.